அழகு யாருக்குச் சொந்தம்?



அழகு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். குழந்தை அழகாய்ச் சிரிக்கிறது என்கிறோம். பக்கத்து வீட்டு அக்காள் அழகாய்க் கோலம் போட்டிருக்கிறாள் என்கிறோம். மரத்திலே கோடு பிசகாமல், உள்கட்டைக்குக் காயம் படாமல், பட்டையை மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டு போகிறவரைக் கண்டால், "என்ன அழகான வெட்டு!" என்று நம்மையும் அறியாமல் சொல்லிவிடுகிறோம். சிரிப்பு, கோலம், கத்தி வெட்டு: மூன்றும் வேறு வேறு. ஆனால் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறோம். அப்படியானால் அவை மூன்றிலும் இருக்கிற அந்த ஒன்று எது?

விடிவதற்கு முன் எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறவருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இது நம்மைப் பற்றிய கேள்வியும் ஆகும். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளாக அறிஞர்கள் அழகைப் பற்றியும் கலையைப் பற்றியும் சிந்தித்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய நூல்களுக்குள்ளே ஒரு வழக்கு விடாமல் நடந்துகொண்டிருக்கிறது. உடலால் உழைத்து வாழ்கிறவனுக்கு அழகில் பங்கு உண்டா, இல்லையா என்பதே அந்த வழக்கு. இல்லை என்று சொன்னவர்கள் சிறியவர்கள் அல்லர். உலகம் போற்றும் பேரறிஞர்கள். ஆகையால் அந்த வழக்கு எப்படி நடந்தது என்று நாமும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

முதலில் கிரேக்க நாட்டுக்குப் போவோம். ஏதென்ஸ் நகரத்துச் சாக்ரட்டீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. கடைத்தெருவில் நின்று கேள்வி கேட்பதே அவர் தொழில். அவருடைய மாணவர் பிளேட்டோ, அந்தக் கேள்விகளை உரையாடல்களாக எழுதினார். அவற்றுள் ஒன்று ஹிப்பியாஸ் என்பவருடன் நடக்கும் உரையாடல். அதைப் பிளேட்டோவே எழுதினாரா என்று ஐயுற்ற அறிஞர்களும் உண்டு. யார் எழுதியிருந்தாலும் சுவையான உரையாடல் அது.

ஹிப்பியாஸ் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவு செய்து நிறையப் பணம் சேர்த்தவர். தமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எண்ணுகிறவர். அவரிடம் சாக்ரட்டீஸ், "அழகு என்றால் என்ன?" என்று கேட்கிறார். "இது ஒரு கேள்வியா? அழகான பெண்தான் அழகு" என்று பதில் வருகிறது. "அப்படியானால் நல்ல குதிரை அழகில்லையா? நல்ல யாழ் அழகில்லையா?" என்கிறார் சாக்ரட்டீஸ். ஹிப்பியாஸ் ஒப்புக்கொள்கிறார். சாக்ரட்டீஸ் விடவில்லை. "சரி, குயவன் நன்றாக வனைந்து, உருண்டையாக, வழவழப்பாக, இரண்டு காது வைத்துச் சுட்டெடுத்த பானை?"

இங்கே ஹிப்பியாசுக்குக் கோபம் வந்துவிடுகிறது. உயர்ந்த பொருளைப் பற்றிப் பேசும்போது பானை சட்டியை இழுக்கிறவன் எப்படிப்பட்ட நாகரிகமற்றவன் என்று கேட்கிறார். பிறகு, பொன்தான் அழகு, பொன் சேர்ந்தால் எதுவும் அழகாகிவிடும் என்று வேறொரு விடை சொல்லிப் பார்க்கிறார். உடனே சாக்ரட்டீஸ் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறார். பானையிலே பருப்புக் கஞ்சி கொதிக்கிறது. கிண்டுவதற்கு இரண்டு அகப்பைகள் இருக்கின்றன. ஒன்று பொன் அகப்பை. மற்றொன்று அத்திமரத்தில் செய்தது. எது அந்தப் பானைக்குப் பொருத்தம்? பொன் அகப்பை பட்டால் பானை உடையும், கஞ்சி கொட்டும், அடுப்பு அணையும், விருந்தினர் பட்டினி கிடப்பர். அத்திமர அகப்பையோ கஞ்சிக்கு மணத்தையும் கொடுக்கும். பொருத்தமானதே அழகு என்றால், பொன்னைவிட மரம் அல்லவா அழகு?

அந்தக் கேள்விக்கு முடிவான விடை அந்த நூலில் இல்லை. இருவரும் விடை காணாமலேயே பிரிகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அழகைப் பற்றி ஐரோப்பா எழுதிய மிகப் பழைய நூல்களுள் ஒன்றிலேயே குயவனின் பானையும் சமையல்காரியின் அகப்பையும் வந்துவிட்டன. அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரும் அதே நூலில் வந்துவிட்டார். வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

பிளேட்டோ வேறொரு நூலில் கவிஞர்களைத் தம் இலட்சிய நாட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. கலை என்பது நிழலின் நிழல், அது மனத்தைக் கலக்கிவிடும் என்பது அவர் அச்சம். இதற்கு மறுமொழி சொன்னவர் அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில். பிறர் செய்வதைப் பார்த்துச் செய்வது மனிதனுக்குப் பிறவியிலேயே வந்த குணம். குழந்தை அப்படித்தான் கற்கிறது. அதில் இன்பமும் அடைகிறது. அந்தக் குணத்திலிருந்தே கலை பிறந்தது என்றார் அவர். துன்பியல் நாடகத்தைப் பார்க்கும்போது நமக்கு இரக்கமும் அச்சமும் பிறக்கின்றன. அவற்றின் வழியாகவே அவ்வுணர்ச்சிகள் தெளிவு பெறுகின்றன என்றும் எழுதினார். அரிச்சந்திரன் நாடகத்தில் மயான காண்டம் வந்தால் கூட்டமே அழுகிறது. அழுதவர்கள் அடுத்த முறையும் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்காருகிறார்கள். ஏன் என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய வழி இது.

ஆனால் அரிஸ்டாட்டில் அரசியலைப் பற்றி எழுதிய நூலைத் திறந்தால் நம் மகிழ்ச்சி குறைந்துவிடும். இசை கேட்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு என்கிறார் அவர். ஒரு வகையினர் கல்வி பெற்ற சுதந்திர மனிதர்கள். மற்றவர் கைத்தொழிலாளர், கூலியாட்கள் முதலியோர். இந்த இரண்டாம் வகையினருக்கும் இளைப்பாறக் கேளிக்கை வேண்டும்; அவர்கள் மனத்துக்கு ஏற்ற தாழ்ந்த இசையை அவர்களுக்கு வாசித்துவிடலாம் என்பது அவர் தீர்ப்பு. குழந்தை முதல் எல்லாரும் கலையுணர்வோடு பிறக்கிறார்கள் என்று சொன்ன அதே அறிஞர்தாம் இதையும் எழுதினார். அவர் வாழ்ந்த நாட்டில் அடிமைகள் வேலை செய்தார்கள். சிந்திக்க வேண்டியவர்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வு யாருக்கு உண்டோ அவருக்கே இரசனையும் உண்டு என்னும் எண்ணம் அங்கிருந்து வேரூன்றிவிட்டது.

இனி நம் பக்கத்துச் சிந்தனையைப் பார்ப்போம். தமிழில் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று ஓர் இயலையே வைத்திருக்கிறது. மனத்தில் எழும் உணர்ச்சி உடலில் தோன்றுவதே மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, வியப்பு, அச்சம், சினம் என இப்படி எட்டு அதில் வகுக்கப்பட்டுள்ளன. வடமொழியில் பரதர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரமும் எட்டுச் சுவைகளைக் கூறுகிறது. அதில் வரும் உவமை நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்கம் வேண்டாதது. பலவகைச் சம்பாரங்கள் சேர்ந்து சமைத்த உணவை உண்கிறவன், மிளகையும் புளியையும் தனித்தனியே உண்பதில்லை; அவை சேர்ந்து பிறந்த சுவையை உண்கிறான். அதுபோலவே நடிப்பும் பாட்டும் உணர்ச்சியும் கலந்து பிறக்கும் சுவையை நாடகம் பார்க்கிறவன் நுகர்கிறான். கண்ணாலும் காதாலும் பெறுகிற கலைக்கு நாக்கின் சொல்லையே பெயராக வைத்தார்கள்.

அந்த நூலின் தொடக்கத்தில் ஒரு கதை வருகிறது. சில வகுப்பினர் வேதத்தைக் கேட்கக் கூடாது என்று விலக்கப்பட்டிருந்தனர். அதனால் எல்லாருக்கும் பொதுவான ஐந்தாவது வேதம் ஒன்று வேண்டும் என்று தேவர்கள் பிரமனை வேண்டினார்களாம். பிரமன் நாட்டியத்தைப் படைத்தானாம். கதை கதைதான். பிற்காலத்தில் மேடைகளும் கோயில்களும் எத்தனை பேரை வெளியே நிறுத்தின என்பது நமக்குத் தெரியும். ஆயினும் கலைக்குப் பிறப்புக் காரணம் சொல்ல வந்தவர்கள், ஒதுக்கப்பட்டவனையும் உள்ளே அழைப்பதற்காகவே அது பிறந்தது என்று சொன்னார்களே, அது நினைவில் வைக்கத்தக்கது.

பிறகு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு காசுமீரத்தில் அபிநவகுப்தர் இக்கொள்கையை மேலும் வளர்த்தார். கலையைச் சுவைக்கிறவனுக்கு அவர் வழங்கிய பெயர் 'சகிருதயன்'. ஒத்த நெஞ்சம் உடையவன் என்பது பொருள். பழகிப் பழகித் துடைத்த கண்ணாடிபோல் மனம் தெளிந்திருப்பதே அவனுக்கு வேண்டிய தகுதி. அதில் செல்வத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

மீண்டும் ஐரோப்பாவுக்கு வருவோம். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜெர்மானிய அறிஞர் பாம்கார்ட்டன் 1735இல் இத்துறைக்கென ஒரு தனிப்பெயர் சூட்டினார். அழகியல் என்று நாம் தமிழில் சொல்வது அதைத்தான். பிரெஞ்சு அறிஞர் பத்தே 1746இல் கவிதை, ஓவியம், சிற்பம், இசை, நடனம் ஆகியவற்றை நுண்கலைகள் என ஒரு குடும்பமாகச் சேர்த்து நூல் எழுதினார். குடும்பம் சேர்த்தபோது வாசலில் நிற்கவேண்டியதாயிற்று குயவனுக்கும் தச்சனுக்கும் நெசவாளிக்கும். பழைய கிரேக்க மொழியில் சிற்பியின் வேலைக்கும் செருப்புத் தைப்பவரின் வேலைக்கும் ஒரே சொல்தான் வழங்கியது. இப்போது ஒருவர் கலைஞர் ஆனார். மற்றவர் வெறும் கைவினைஞர் ஆனார்.

அந்நூற்றாண்டில் இருவர் சொன்னவை முக்கியமானவை. ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் ஹியூம். அழகு பார்ப்பவர் மனத்தில்தான் இருக்கிறது என்றால், உனக்குப் பிடித்தது உனக்கு, எனக்குப் பிடித்தது எனக்கு என்று விட்டுவிட வேண்டியதுதானா? 1757இல் அவர் இக்கேள்வியை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஸ்பானிய நாவலாகிய 'டான் குயிக்சோட்'டில் வரும் ஒரு கதையை அதில் எடுத்துச் சொல்கிறார். பீப்பாயிலிருந்த மதுவைச் சுவைத்துப் பார்க்க இருவரை அழைத்தார்கள். நல்ல மதுதான், ஆனால் தோல் வாடை சிறிது வீசுகிறது என்றார் ஒருவர். நல்ல மதுதான், ஆனால் இரும்பின் ருசி தெரிகிறது என்றார் மற்றவர். கூடியிருந்தவர்கள் இருவரையும் கேலி செய்தார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் பார்த்தால், தோல்வாரில் கோத்த ஒரு பழைய சாவி கிடந்தது!

ஆகவே சுவையறிதல் வெறும் மனப்போக்கு அன்று; பயிற்சியாலும், ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதாலும், விருப்பு வெறுப்பை ஒதுக்கி வைப்பதாலும் அது கூர்மை பெறும் என்றார் ஹியூம். நியாயமான பேச்சுத்தான். ஆனால் ஓவியங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஊர் ஊராகப் போகும் வசதி யாருக்கு இருந்தது? ஹியூம் அதைப் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. மற்றொரு பக்கமும் உண்டு. கொதிக்கிற குழம்பின் மணத்தைக் கொண்டே உப்புக் குறைவு என்று சொல்லும் பாட்டியும், தப்பின் தோலைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்த்து, இன்னும் சற்றுக் காய வேண்டும் என்று சொல்லும் தப்புக்காரரும் ஹியூம் கேட்ட பயிற்சியைப் பெற்றவர்கள் அல்லரோ? பீப்பாய்க்குள் கிடக்கும் சாவியை அவர்களும் கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாமவர் இம்மானுவேல் காண்ட். இவர் 1724இல் கோனிக்ஸ்பர்க் நகரில், குதிரைக்குச் சேணமும் வாரும் செய்கிற தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். அழகைப் பற்றிய இவருடைய பெருநூல் 1790இல் வெளிவந்தது. கடினமான நூல். அதிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை மட்டும் பார்ப்போம்.

எதிரே ஓர் அரண்மனை. அது அழகாயிருக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார். பிறர் வாய் பிளந்து பார்ப்பதற்காகவே கட்டியவை எனக்குப் பிடிக்காது என்று ஒருவன் சொல்லலாம். பாரிஸ் நகருக்கு வந்த அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஒருவருக்கு அங்கிருந்த சோற்றுக்கடைகளைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லையாம், அவரைப்போலவும் சொல்லலாம். அல்லது ரூசோவைப் பின்பற்றி, ஏழை மக்களின் வியர்வையைச் சுரண்டி இப்படி வீணாகக் கட்டிவைத்தார்களே என்று கோபப்படலாம். இவை யாவும் நியாயமாக இருக்கலாம், ஆனால் கேள்வி அதுவன்று என்கிறார் காண்ட். பசி, பயன், உடைமை, கோபம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பார்த்த மாத்திரத்தில் அது உனக்கு இன்பம் தருகிறதா என்பதே கேள்வி.

நேயர்களே, அந்தக் கோபத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியுமா என்று நமக்குத் தோன்றுகிறது அல்லவா? அரண்மனையைக் கட்டக் கல் சுமந்தவனிடம், உன் முதுகு வலியை மறந்துவிட்டு இதைப் பார் என்று சொல்வது எளிதன்று. வயிறு நிறைந்த பிறகே ஒருவனுக்குச் சுவையறிவு உண்டா என்று சொல்ல முடியும் என்றும் காண்ட் எழுதுகிறார். கலை தன்விருப்பாய்ப் பிறப்பது, கைத்தொழில் கூலிக்காகச் செய்வது என்றும் பிரிக்கிறார். சேணம் தைத்தவரின் பிள்ளைதான் இப்படி எழுதினார்.

ஆனால் அவருடைய கொள்கையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். ஒன்றை அழகு என்று சொல்லும்போது நாம் நமக்காக மட்டும் பேசுவதில்லை. எல்லாரும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தே பேசுகிறோம். நிரூபித்துக் காட்ட விதி எதுவும் கிடையாது, ஆயினும் எதிர்பார்க்கிறோம். ஏனெனில் அறியும் ஆற்றல் மனிதர் எல்லாருக்கும் பொதுவானது. ஆழ்ந்து பார்த்தால், "இது அழகு" என்று ஒரு தோட்டத் தொழிலாளி சொல்லும் சொல்லுக்கும், பேராசிரியர் சொல்லும் சொல்லுக்கும் காண்டின் தராசில் ஒரே எடைதான். படிப்போ பட்டமோ அதில் செல்லாது. அவருக்கு முன்பு இவ்வளவு தெளிவாக இதை நிலைநாட்டியவர் இல்லை என்றே நாங்கள் கருதுகிறோம்.

நூறு ஆண்டுகள் கழித்து, இவ்வழக்கில் உழைப்பாளியின் பக்கம் நின்று உரக்கப் பேசினார் ஒருவர். அவர் ருசிய நாட்டு எழுத்தாளர் டால்ஸ்டாய். பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர்; உலகப் புகழ் பெற்ற நாவல்கள் எழுதியவர். பதினைந்து ஆண்டுகள் சிந்தித்து, கலை என்றால் என்ன என்பதை ஆராயும் நூலை எழுதினார். அது 1897, 1898 ஆண்டுகளில் வெளிவந்தது. தொடக்கத்திலேயே நம்மை ஓர் இசை நாடக ஒத்திகைக்கு அழைத்துச் செல்கிறார். நேரே மேடைக்கு அன்று, மேடையின் பின்புறத்துக்கு. அங்கே இருட்டிலும் தூசியிலும் வெளிறிய முகத்தோடும் அழுக்கான கையோடும் தொழிலாளர் நிற்கிறார்கள். ஒத்திகை நடத்துகிறவர் பாடகர்களைக் கழுதை, முட்டாள் என்று திட்டுகிறார். ஒன்றும் பேசாமல் அவர்கள் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். இத்தனை பேரின் உழைப்பையும் மானத்தையும் தின்கிற இந்தக் கலை யாருக்காக என்று கேட்கிறார் டால்ஸ்டாய்.

அவருடைய விடை எளியது. ஒருவன் தான் உணர்ந்ததை, ஓசையாலோ கோட்டாலோ சொல்லாலோ பிறரும் உணரும்படி செய்தால் அது கலை. காய்ச்சல் தொற்றுவதுபோல் உணர்ச்சி தொற்ற வேண்டும். தம் வீட்டில் நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். ஒருநாள் மனச்சோர்வோடு வீடு திரும்பினார். அவருடைய மகளுக்குத் திருமணம் ஆகியிருந்தது. அவளை வாழ்த்த வந்த குடியானவப் பெண்கள், கதிர் அரிவாள்களைத் தட்டித் தாளமிட்டு உரத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க அவருடைய சோர்வு பறந்துவிட்டது. அன்று மாலை ஒரு தேர்ந்த இசைவாணர் வந்து, மேதை பீத்தோவனின் இசையொன்றை வாசித்தார். கேட்டவர்கள் புகழ்ந்தார்கள்; ஆனால் யாருடைய உள்ளமும் அசைந்ததாக டால்ஸ்டாய்க்குத் தோன்றவில்லை. குடியானவப் பெண்களின் பாட்டே உண்மையான கலை என்று தீர்ப்பளித்துவிட்டார்.

இதைக் கேட்க நமக்கு இனிக்கிறது. ஆனால் டால்ஸ்டாய் அத்துடன் நிற்கவில்லை. ஷேக்ஸ்பியரைத் தள்ளினார், பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைத் தள்ளினார், தாம் எழுதியவற்றிலும் இரண்டு சிறுகதைகளைத் தவிர மற்றவற்றைத் தள்ளினார். எளியவர்க்கு உடனே விளங்காதது கலையன்று என்பது அவர் அளவுகோல். இது எளியவருக்குச் செய்யும் மரியாதையா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பழகினால் குடியானவனின் மகளும் பீத்தோவனைச் சுவைப்பாள் என்று நம்புவதே மரியாதை. ஏழைக்கு எளிய கலையே போதும் என்று அரிஸ்டாட்டில் இகழ்ச்சியாகச் சொன்னார். டால்ஸ்டாய் அன்பாகச் சொன்னார். வாசல் இருவரிடத்தும் மூடியேதான் இருக்கிறது.

வாசலில் நிறுத்தப்பட்ட குயவனையும் தச்சனையும் மீண்டும் உள்ளே அழைத்தவர்களுள் ஒருவர் நம்மவர். கொழும்பில் 1877இல், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர். இலங்கைக்கு மண்ணியல் ஆராய வந்தவர், கிராமத்துக் கைவினைஞர்களின் வேலையைக் கண்டு மனம் மாறினார். இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்னும் அறிஞர், உழைப்பில் மனிதன் காணும் மகிழ்ச்சியே கலை என்று முழங்கியிருந்தார். அந்த மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே, சிங்களக் கைவினைகளைப் பற்றிய தம் பெருநூலைக் குமாரசுவாமி 1908இல் அச்சிட்டு வெளியிட்டார். கலைஞன் என்று ஒரு தனிச்சாதி கிடையாது. தன் தொழிலைச் செம்மையாகச் செய்கிற ஒவ்வொருவனும் தன் வழியில் கலைஞனே என்பது அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கொள்கை.

ஜப்பானில் இதே எண்ணத்தோடு யானகி சோயெட்சு என்பவர் புறப்பட்டார். மக்கள் அன்றாடம் புழங்கும் மண் சட்டி, கூடை, துணி ஆகியவற்றைத் தேடித் திரட்டினார். 1936இல் தோக்கியோவில் அவற்றுக்கென ஒரு காட்சியகமே திறந்தார். அவர் எழுதிய ஒரு செய்தி மறக்க முடியாதது. கியோத்தோ நகரத்துக் கோயிலொன்றில் ஒரு தேநீர் மங்கு இருக்கிறது. ஜப்பானியர் அதைத் தேசியச் செல்வமாகப் போற்றுகிறார்கள். 1931இல் அதைப் பார்க்க யானகிக்கு வாய்ப்புக் கிடைத்தது. பெட்டிக்குள் பெட்டியாக ஐந்து பெட்டிகள். உள்ளே பட்டுத் துணி. துணியை விலக்கிப் பார்த்தால், இருந்தது கொரியா நாட்டு ஏழை ஒருவன் சோறு உண்ட சாதாரண மங்கு! வீட்டுக்குப் பின்னால் தோண்டிய மண், அடுப்புச் சாம்பல் கலந்த பூச்சு, அவசரத்தில் சுழன்ற சக்கரம். அழகாக்க வேண்டும் என்னும் எண்ணமே இல்லாமல் செய்ததால்தான் அது அவ்வளவு அழகாக வந்தது என்றார் யானகி.

ஹிப்பியாஸ் முகம் சுளித்த பானை இங்கே ஐந்து பெட்டிகளுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. யானகி எழுதிய காலத்தில் கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அவர் கொரிய மக்களின் நண்பர்தாம். சோல் நகரத்துப் பழைய அரண்மனை வாயிலை இடிக்க முற்பட்டபோது, 1922இல் துணிந்து எதிர்த்து எழுதினார். இருந்தும் கொரிய அறிஞர்கள் சிலர் பிற்காலத்தில் அவரைக் கண்டித்தார்கள். எங்கள் குயவன் எண்ணம் இல்லாமல்தான் செய்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், அவனுக்கும் கண் உண்டு, கை உண்டு, மங்கின் வாய் வளைகிற இடத்தில் விரலை எவ்வளவு அழுத்துவது என்று முடிவு செய்தவன் அவன்தானே என்பது அந்தக் கண்டனத்தில் அடங்கியிருந்த கேள்வி.

அந்தக் குயவனை யாரும் கேட்கவில்லை. அவன் பெயரும் எவருக்கும் தெரியாது. மங்கின் வெளிப்புறத்தில் அவன் விரல் சுற்றி வந்த கோடுகள் மட்டும் இன்றும் தெரிகின்றன.